மேசைமேல் எம்ஆர்ஐ: 128 காந்தம், ஒரு கிரேடியன்ட், கையால் திருப்பும் ஒரு குழாய்

எம்ஆர்ஐ படம் எடுக்க மூன்று திசைக்கு மூன்று கிரேடியன்ட் சுருள் (காந்தப் புலத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சீராகச் சரியவைப்பவை), அவற்றை ஓட்ட மூன்று ஆம்பிளிஃபயர், அவற்றை மில்லிசெகண்ட் கணக்கில் திறந்து மூடும் கட்டுப்பாடு எல்லாம் வேண்டும் என்று பாடப்புத்தகம் சொல்லும். முதல் எம்ஆர்ஐ படத்துக்கு இவ்வளவு தேவைப்படவில்லை. 1973இல் பால் லாட்டர்பர் நேச்சர் இதழில் வெளியிட்ட படத்தில் இருந்தது 1 மி.மீ. உள்விட்டம் கொண்ட இரண்டு நுண்குழாய்த் தண்ணீர்தான். அவை 4.2 மி.மீ. குழாய் ஒன்றில், படத்தில் சிக்னல் தராத கனநீருக்குள் நின்றன. 45 டிகிரிக்கு ஒன்றாக நான்கு பக்கத்திலிருந்து நான்கு நிழல்கள் எடுத்து, அவற்றைச் சேர்த்துப் படமாக்கினார். அந்த வேலைக்குத்தான் 2003இல் பீட்டர் மான்ஸ்ஃபீல்டோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வகுப்பறைக்கு ஸ்கேனர் கட்ட நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: லாட்டர்பர் போன வழியில் போங்கள். ஒரே ஒரு கிரேடியன்ட் போதும். அதையும் பல்ஸ் செய்ய வேண்டாம், சாதாரண பெஞ்ச் பவர் சப்ளையில் ஓட விட்டால் போதும். குழாயைக் கையால் திருப்பிக்கொள்ளலாம். மற்ற இரண்டு கிரேடியன்ட்களை அடுத்த பருவத்து மாணவர்கள் சேர்க்கட்டும். முதல் நாளே எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டு ஒரு சிக்னலும் வராமல் ஆறு மாதம் உட்கார்ந்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இதில் புதுமை எதுவும் எனக்குச் சொந்தமில்லை. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் மார்ட்டினோஸ் மையத்தில் லாரன்ஸ் வால்ட், கிளாரிசா கூலி, ஜேசன் ஸ்டாக்மன் ஆகியோரின் குழு எம்ஐடி மாணவர் வகுப்புக்கென்றே மேசைமேல் ஸ்கேனர்களைக் கட்டி, வடிவமைப்பைப் பொதுவில் வைத்தது. நெதர்லாந்தின் லைடனில் ஆண்ட்ரூ வெப் குழு 12 மி.மீ. கனசதுரக் காந்தங்களைக் கொண்டே தலையைப் படமெடுக்கும் 50 மில்லிடெஸ்லா கருவியைச் செய்தது. கீழே வருவது அந்த இரண்டு மரபிலிருந்தும் எடுத்த ஒரு சிறிய கருவி. 10 மி.மீ. சோதனைக்குழாய்க்கு மட்டுமானது. விரல், கை எதையும் இதில் படமெடுக்க வேண்டாம்.

முதலில் கணக்கு

நமக்கு வேண்டியது ஹால்பாக் வளையம். காந்தங்களை ஒரு வட்டத்தில் வைத்து, ஒவ்வொன்றையும் அது நிற்கும் கோணத்தைப் போல் இரண்டு மடங்கு திருப்பினால், புலம் முழுக்க வளையத்துக்குள் குவியும், வெளியே கொஞ்சமே கசியும். ஒரே மாதிரி 16 காந்தங்களைக் கொண்டு இதைச் செய்யும் முறைக்கு மந்தாலா என்று பெயர். 2004இல் ராய்ச், ப்ளூம்லர் இருவரும் வெளியிட்டது. பெயர் ஒரு ஆங்கிலத் தொடரின் சுருக்கம், ஆனால் நம் மண்டலத்தையும் நினைவூட்டும். காந்தங்கள் அடுக்கியிருக்கும் கோலத்தைப் பார்த்தால் புரியும்.

காந்தம்: 12 மி.மீ. கனசதுர நியோடிமியம், என்42 தரம். வட்டத்தின் ஆரம், அதாவது மையத்திலிருந்து காந்தத்தின் நடுவரை, 50 மி.மீ. ஒரு வளையத்தில் 16. எட்டு வளையங்கள். மொத்தம் 128 காந்தங்கள், எடை 1.7 கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

வளையம் முடிவில்லாமல் நீண்டிருந்தால் மையப் புலத்தைக் கணக்கிடுவது எளிது. காந்தங்களின் எண்ணிக்கை, காந்தத்தின் எஞ்சு புலம் (காந்தப் பொருளின் வலிமையைக் குறிக்கும் எண்), குறுக்குவெட்டுப் பரப்பு மூன்றையும் பெருக்கி, அதை 6.28 × ஆரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 16 × 1.3 டெஸ்லா × 1.44 ச.செ.மீ.யை 157 ச.செ.மீ.யால் வகுத்தால் 0.19 டெஸ்லா. நம் உருளை குட்டையானது என்பதால் இதில் 77 சதவீதம்தான் கிடைக்கும்: சுமார் 0.147 டெஸ்லா. ஒரு டெஸ்லாவுக்கு 42.577 மெகாஹெர்ட்ஸ் என்பது புரோட்டானின் கணக்கு. ஆக நம் லார்மர் அதிர்வெண், அதாவது இந்தப் புலத்தில் புரோட்டான்கள் சிக்னல் தரும் அதிர்வெண், 6.27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வரும்.

எட்டு வளையத்தையும் நெருக்கி அடுக்கிவிடாதீர்கள். அப்படி அடுக்கினால் உருளையின் அச்சில் மையத்திலிருந்து 5 மி.மீ. தள்ளிப் போனாலே புலம் ஆயிரத்தில் நான்கு பங்கு குறைந்துவிடும். எம்ஆர்ஐ கணக்கில் அது மிகப் பெரிய சரிவு. நான்கு வளையம், நடுவில் 8 மி.மீ. இடைவெளி, மறுபடி நான்கு வளையம் என்று வைத்தால் இந்தச் சரிவின் முதல் பகுதி சரியாக ரத்தாகிவிடும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருளில் செய்யும் அதே தந்திரம்தான். புலம் கொஞ்சம் குறையும். சமன் நிறையக் கூடும். மேலே சொன்ன 77 சதவீதம் இந்த இடைவெளியையும் சேர்த்த கணக்கு.

வளையத்தை அச்சிடுதல்

3டி பிரின்டரில் 12 மி.மீ. தடிமனில் எட்டுத் தட்டுகள். உள்விட்டம் 76, வெளிவிட்டம் 124 மி.மீ. 22.5 டிகிரிக்கு ஒன்றாக 16 குழிகள், ஒவ்வொன்றும் 12.2 மி.மீ. சதுரம், ஊடுருவிய துளை. இங்கே ஒரு நல்ல வசதி இருக்கிறது. காந்தத்தின் திசை எப்போதும் 45 டிகிரியின் மடங்காகத்தான் வரும். அதனால் குழிகளில் இரண்டே வகை. ஒன்று விட்டு ஒன்று நேர்ச்சதுரம், இடையில் வருவது 45 டிகிரி திரும்பிய சதுரம்.

0 டிகிரியில் நிற்கும் காந்தத்தின் வடமுனை 0 டிகிரியைப் பார்க்கட்டும், அதாவது வெளிப்பக்கம். அடுத்தது 45, அப்புறம் 90, 135, 180, 225, 270, 315. ஒன்பதாவது மறுபடி 0. அது வளையத்தின் எதிர்ப்பக்கத்தில் நிற்பதால் அதன் வடமுனை உள்பக்கம் பார்க்கும். இந்த எட்டுத் திசைகளையும் அம்புக்குறியாகத் தட்டின் மேலேயே அச்சிட்டுவிடுங்கள். கையில் வரைந்துகொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம்.

பிளாஸ்டிக் இழையில் பிஎல்ஏ போதும், பெட்ஜி கிடைத்தால் நல்லது. பிஎல்ஏ 60 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் தட்டுகளை வைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது வளைந்திருக்கும்.

காந்தங்களைத் தரம் பிரித்தல்

ஒரே பெட்டியில் வரும் காந்தங்களும் ஒரே வலிமையில் இருப்பதில்லை. சில சதவீத வித்தியாசம் சாதாரணம். அதனால் ஒரு மாலை ஒதுக்கி 128ஐயும் அளந்துவிட வேண்டும். காந்தம் உட்காரும் ஒரு குழி, அதன் முகத்திலிருந்து 20 மி.மீ. தள்ளி, காந்தப் புலத்தை அளக்கும் ஒரு ஹால் சென்சார், ஒரு ஆர்டுவினோ. இந்தத் தூரத்தில் சுமார் 20 மில்லிடெஸ்லா காட்டும், எனவே எங்கும் கிடைக்கும் 49ஈ வகைச் சென்சாரே போதும். வாசிப்பை எழுதி, வலிமை வாரியாக வரிசைப்படுத்துங்கள். ஒவ்வொரு வளையத்திலும் எதிரெதிராக நிற்கும் இரண்டுக்கு நெருங்கிய எண்கள் வரட்டும். ஒன்றுக்கொன்று மிக ஒத்த காந்தங்கள் நடு இரண்டு வளையங்களுக்கு. மையப் புலத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கைத் தருவது அந்த இரண்டும்தான்.

அளக்கும்போதே வடமுனையில் பெயின்ட் புள்ளி வைத்துவிடுங்கள். நான் இதை அலட்சியம் செய்து, மூன்றாவது வளையத்தில் ஒரு காந்தத்தைத் தலைகீழாகப் பசை போட்டு ஒட்டினேன். மையத்தில் புலம் லேசாகத்தான் குறைந்தது, அதனால் ஹால் சென்சாரிலும் சந்தேகம் வரவில்லை. சிக்னல் மட்டும் இரண்டு வாரம் வரவே இல்லை. கடைசியில் ஒரு சாதாரணத் திசைகாட்டியை ஒவ்வொரு காந்தத்தின் மேலும் நகர்த்திப் பார்த்தபோது ஓரிடத்தில் ஊசி எதிர்ப்பக்கம் திரும்பியது. அந்த வளையத்தை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஒட்டுவதற்கு முன்னால் இந்தத் திசைகாட்டிச் சோதனையைச் செய்தால் ஐந்து நிமிடத்தில் முடியும்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். இரண்டு காந்தம் மோதினால் கண்ணாடித் துண்டு போலச் சிதறும். மேசையில் கையில் இருக்கும் ஒன்றைத் தவிர மற்றவை பெட்டிக்குள், ஒரு கை தூரத்துக்கு அப்பால் இருக்கட்டும். இதய பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வேலை நடக்கும் அறைக்கு வர வேண்டாம்.

குழிக்குள் போகும்போது சில காந்தங்கள் தாமாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும், சில எகிறி வெளியே வரும். மரக்கட்டையால் அழுத்தி, எபாக்சி போட்டு, மேலே பலகை வைத்துக் கிளாம்ப் இறுக்கி ஒரு இரவு விடுங்கள். வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று வரும்போது ஒன்றையொன்று தள்ளும். பித்தளை நட்டு போட்ட நான்கு பித்தளைத் திருகுக் கம்பிகளில் கோத்து, நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி இறுக்க வேண்டும். இரும்பு நட்டு ஒன்றுகூட வேண்டாம். ஸ்டெயின்லெஸ் என்று கடையில் கொடுப்பதையும் ஒரு காந்தத்தைக் காட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மையப் புலத்தை அளக்க மட்டும் 49ஈ உதவாது, 100 மில்லிடெஸ்லா பக்கத்திலேயே அது திணறி நின்றுவிடும். டிஆர்வி5055 வரிசையில் ஏ4 என்ற வகை 5 வோல்ட்டில் 169 மில்லிடெஸ்லா வரை அளக்கும், அதை வாங்குங்கள். 140க்கும் 150க்கும் இடையில் ஒரு எண் வந்தால் காந்த வேலை முடிந்தது.

ஆர்எஃப் சுருள்

மருத்துவமனை எம்ஆர்ஐயில் புலம் படுத்திருப்பவரின் உடல் நீளத்துக்குப் போகும். நம் ஹால்பாக்கில் அது குழாய்க்குக் குறுக்கே போகிறது. இது நமக்கு ஒரு கொடை. ஆர்எஃப் புலம், அதாவது சுருள் தரும் ரேடியோ அதிர்வெண் புலம், முதன்மைப் புலத்துக்குச் செங்குத்தாக இருந்தால் போதும் என்பதால், குழாயைச் சுற்றிச் சாதாரண நேர்ச்சுருள் சுற்றினாலே வேலை நடக்கும். உணர்திறனில் அதற்கு ஈடு வேறு வடிவம் இல்லை.

12 மி.மீ. விட்டமுள்ள ஒரு பிளாஸ்டிக் குழல். அதன் மேல் மோட்டார் ரீவைண்டிங் கடையில் கிடைக்கும் 24 கேஜ் எனாமல் கம்பியை 20 சுற்று, 20 மி.மீ. நீளத்துக்குப் பரப்பிச் சுற்றுங்கள். சுற்றுகளுக்கு இடையே நூல் வைத்துச் சுற்றினால் இடைவெளி சீராக வரும். இண்டக்டன்ஸ் 2.2 மைக்ரோஹென்றி அளவில் இருக்கும். 6.27 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர மொத்தம் சுமார் 290 பிக்கோஃபாரட் வேண்டும். சுருளுக்கு இணையாக 220 பிக்கோஃபாரட் நிலையான கெப்பாசிட்டரும் ஒரு டிரிம்மரும் சேர்ந்து 250 பக்கம், கேபிளோடு தொடராக 40 பக்கம் ஒரு டிரிம்மர். இணை டிரிம்மர் அதிர்வெண்ணை நகர்த்தும், தொடர் டிரிம்மர் 50 ஓமுக்குப் பொருத்தும். ஒத்ததிர்வைத் திரையில் காட்டும் நானோவிஎன்ஏ என்ற சிறு கருவியை மாட்டி இரண்டையும் மாறி மாறித் திருப்பினால் 6.27இல் ஒரு ஆழமான பள்ளம் தெரியும். முதல் தடவை அரை மணி நேரம் ஆகும், மூன்றாவது தடவை இரண்டு நிமிடம். இதை மாணவர் ஒவ்வொருவரும் தன் கையால் செய்ய வேண்டும். மின்சுற்று ஒத்ததிர்வு என்பது தேர்வுக்கான பாடமாக இல்லாமல் போவது இங்கேதான்.

எவ்வளவு சக்தி வேண்டும்? புரோட்டான்களை 20 மைக்ரோசெகண்டில் 90 டிகிரி சாய்க்க இந்தச் சுருளில் அரை ஆம்பியருக்குச் சற்றுக் கூடுதலான உச்ச மின்னோட்டம் போதும். சுருளின் ஒத்ததிர்வுத் தரத்தைக் குறிக்கும் கியூ 80 என்று வைத்தால் அது கால் வாட்டுக்கும் குறைவு. 180 டிகிரிக்கு அதே நேரத்தில் இரட்டிப்பு வீச்சு, அதாவது நான்கு மடங்கு சக்தி, அதுவும் ஒரு வாட்டுக்குள். ஆக ஒரு சிறிய ஒரு வாட் ஆர்எஃப் ஆம்பிளிஃபயர் வாங்கினால் முடிந்தது. மருத்துவமனைக் கருவியில் இந்த இடத்தில் கிலோவாட் கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

அனுப்புவதும் கேட்பதும்

ஒரே சுருள்தான் அனுப்பவும் கேட்கவும். அனுப்பும்போது பல வோல்ட், கேட்கும்போது மைக்ரோவோல்ட். இடையில் ஒரு காவலாளி வேண்டும். ஆம்பிளிஃபயருக்கும் சுருளுக்கும் நடுவே 1என்4148 டயோடுகள் இரண்டை எதிரெதிர்த் திசையில் இணையாகக் கட்டி, அந்த ஜோடியைத் தொடராகப் போடுங்கள். பல்ஸ் வரும்போது அவை கடத்தும், பல்ஸ் ஓய்ந்ததும் ஆம்பிளிஃபயரின் இரைச்சலை வெட்டிவிடும். சுருளிலிருந்து முன்பெருக்கிக்குப் போகும் வழியில் கால் அலைநீளக் கோடு ஒன்று, அதன் மறுமுனையில் தரைக்கு இன்னொரு டயோடு ஜோடி. கால் அலைநீளம் என்றால் இந்த அதிர்வெண்ணில் ஏறக்குறைய 8 மீட்டர் கேபிள் ஆகும். அதைச் சுருட்டி வைப்பதற்குப் பதில் 1.27 மைக்ரோஹென்றி சுருள் ஒன்றும், அதன் இருபுறமும் தரைக்கு 510 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர்கள் இரண்டும் போட்டால் அதே வேலையைச் செய்யும்.

முன்பெருக்கிக்கு இரைச்சல் குறைந்த, 50 ஓம், இரண்டு கட்டமாகச் சேர்த்து 45 முதல் 50 டெசிபெல் பெருக்கும் எதுவும் சரி.

மூளையாக ரெட் பிட்டாயா 125-14 போர்டு. 14 பிட், நொடிக்கு 12.5 கோடி மாதிரிகள். இதன்மேல் ஓடும் எம்ஆர்ஐ மென்பொருள் ஓக்ரா, அதற்குப் பின் வந்தது மார்கோஸ். இரண்டும் திறந்த மூலம். பைத்தானில் எழுதிய பல்ஸ் வரிசையை ஓட்டலாம். பட்டியலில் விலை கூடிய பொருள் இதுதான். 128 காந்தமும் அச்சும் கம்பியும் சேர்ந்தாலும் இதன் விலையைத் தொடாது.

ரேடியோ கேட்கும் ஆபத்து

6.27 மெகாஹெர்ட்ஸ் என்பது சிற்றலை வானொலியின் 49 மீட்டர் பட்டைக்கு, அதாவது 5.9 முதல் 6.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கு, அடுத்த வீடு. காந்தம் கொஞ்சம் வலிமை குறைந்து வந்தால் நேராக அதற்குள்ளேயே போய் உட்காருவீர்கள். அந்தி சாய்ந்த பிறகு சிற்றலை வெகுதூரம் பயணிக்கும்; காலையில் சுத்தமாக இருந்த அலைக்கற்றையில் மாலையில் யாரோ செய்தி வாசிப்பார். அத்தோடு எல்இடி விளக்கு, செல்போன் சார்ஜர், பக்கத்து மேசை லேப்டாப் எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

காந்தம், சுருள், முன்பெருக்கி மூன்றும் ஒரு அலுமினியப் பெட்டிக்குள் போகட்டும். மூடி நான்கு பக்கமும் உலோகத்தோடு உலோகம் ஒட்ட வேண்டும். பெயின்டைச் சுரண்டி, விளிம்பில் செப்பு டேப் ஒட்டுங்கள். உள்ளே நுழையும் ஒவ்வொரு கம்பியும் பெட்டியில் பொருத்திய கனெக்டர் வழியாகத்தான் வர வேண்டும். துளை போட்டு ஒரு கம்பியை அப்படியே விட்டால் அது ஆன்டெனா. பலகார டின் கைவசம் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள், அது இரும்பு. பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்கச் சுருளை மாட்டி, பல்ஸ் அனுப்பாமல் வெறும் இரைச்சலைப் பதிவு செய்யுங்கள். பிறகு சுருளை எடுத்துவிட்டு 50 ஓம் மின்தடை ஒன்றை மாட்டிப் பதிவு செய்யுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் தேறினீர்கள்.

முதல் சிக்னல்

பலர் கைவிடும் இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று போகலாம்.

0.147 டெஸ்லாவில், அறை வெப்பத்தில், ஒரு கோடி புரோட்டான்களில் புலத்தின் பக்கம் கூடுதலாகச் சாய்ந்திருப்பவை ஐந்தே ஐந்து. நம் சிக்னல் முழுக்க அந்த ஐந்திலிருந்து வருகிறது. ஒரு சொட்டு எண்ணெயில் இருக்கும் புரோட்டான்களின் எண்ணிக்கை அவ்வளவு பெரிது என்பதால்தான் இது நடக்கவே செய்கிறது.

முதல் மாதிரியாகத் தண்ணீர் வேண்டாம். தூய தண்ணீரின் டி1, அதாவது பல்ஸுக்குப் பின் புரோட்டான்கள் பழைய நிலைக்குத் திரும்பும் நேரம், இரண்டரை நொடிக்கு மேல். ஒவ்வொரு தடவையும் பத்து நொடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். நல்லெண்ணெயை எடுங்கள். அதன் டி1 நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான், அரை நொடிக்கு ஒரு தடவை அளக்கலாம். குழாயின் அடியில் 3, 4 மி.மீ. உயரத்துக்கு மட்டும் ஊற்றுங்கள். மாதிரி சிறிதாக இருந்தால் அது பார்க்கும் புலம் சீராக இருக்கும். சீர்செய்யாத காந்தத்தில் இது பெரிய உதவி.

இன்னொன்று. வெறும் ஒரு பல்ஸ் அடித்து, அதன் பின் வரும் சிக்னலைத் தேடாதீர்கள். பல்ஸ் ஓய்ந்த பின்னும் சுருள் மணி அடித்தது போல அதிர்ந்துகொண்டிருக்கும். 10 வோல்ட்டிலிருந்து மைக்ரோவோல்ட்டுக்கு அது அடங்க 65 மைக்ரோசெகண்ட் ஆகும். சீர்செய்யாத காந்தத்தில் உங்கள் சிக்னலின் ஆயுளே 100 மைக்ரோசெகண்ட் பக்கம். வந்ததே தெரியாமல் போய்விடும். 1950இல் எர்வின் ஹான் கண்டுபிடித்த ஸ்பின் எக்கோதான் இங்கே கைகொடுக்கும். 90 டிகிரி பல்ஸ், 2 மில்லிசெகண்ட் கழித்து 180 டிகிரி பல்ஸ், இன்னும் 2 மில்லிசெகண்ட் கழித்துச் சுருள் அமைதியாக இருக்கும் நேரத்தில் சிக்னல் திரும்பி எழும்.

அதிர்வெண்ணைத் தேட வேண்டும். ஹால் சென்சார் ஒரு சதவீதத்துக்குள் சரி என்று வைத்தால் தேட வேண்டிய அகலம் மேலும் கீழும் 63 கிலோஹெர்ட்ஸ். 20 மைக்ரோசெகண்ட் பல்ஸ் ஒரே அடியில் பல பத்துக் கிலோஹெர்ட்ஸைத் தொடும் என்பதால் 20 கிலோஹெர்ட்ஸ் படியாக நகர்த்தினால் ஏழு முயற்சியில் அகப்படும். ஒவ்வொரு படியிலும் 16 தடவை சராசரி எடுங்கள். ஒவ்வொரு தடவையும் நானோவிஎன்ஏ வைத்துச் சுருளையும் அந்த அதிர்வெண்ணுக்கு மாற்ற வேண்டும் என்பதை மறக்காதீர்கள். நான் மறந்தேன்.

4 மில்லிசெகண்டில் ஒரு சிறு மேடு தெரிந்தால், குழாயை வெளியே எடுங்கள். மேடு மறைய வேண்டும். திரும்ப வையுங்கள், வர வேண்டும். வந்தால் அது எண்ணெய்தான், எதிர்வீட்டு மிக்சி அல்ல. பிறகு பல்ஸின் வீச்சைப் படிப்படியாகக் கூட்டிப் பாருங்கள். எக்கோ வளர்ந்து, உச்சம் தொட்டு, தேயும். அந்த உச்சம்தான் உங்கள் 90 டிகிரி.

புலத்தைச் சமன் செய்தல்

இப்போது உங்கள் சிக்னலே உங்கள் அளவுகோல். எந்த ஹால் சென்சாரும் இந்தத் துல்லியத்துக்கு வராது. ஒரு நுண்குழாயில் 2 மி.மீ. எண்ணெய்த் துளியை வைத்து, ஆர்எஃப் சுருளும் சேர்ந்து நகரும்படி ஒரு தாங்கியில் பொருத்தி, மையத்தைச் சுற்றி 3 மி.மீ. படிகளில் நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் அதிர்வெண்ணைக் குறியுங்கள். முப்பது, நாற்பது புள்ளி போதும். ஒரு பக்கமாகச் சரியும் புலத்தைத் திருத்துவது எளிது. உள்ளே ஒரு மெல்லிய வளையத்தில் 3 மி.மீ. குட்டிக் காந்தங்களுக்கு இடம் விட்டு, எங்கே எத்தனை வைத்தால் சரிவு குறையும் என்று ஒரு சிறு பைத்தான் நிரலால் கண்டுபிடிக்கலாம். 1000 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) 100 பிபிஎம்முக்கு வருவதே இலக்கு. 100 பிபிஎம் என்பது 630 ஹெர்ட்ஸ். அடுத்து வரும் கிரேடியன்டில் அது கால் மி.மீ. மங்கல்தான்.

வெப்பத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். நியோடிமியத்தின் புலம் ஒரு டிகிரி செல்சியஸுக்கு 0.11 சதவீதம் குறையும். நம் அதிர்வெண்ணில் அது 7 கிலோஹெர்ட்ஸ். மின்விசிறி போட்டால், ஜன்னல் திறந்தால், இருபது மாணவர் சுற்றி நின்றால் சிக்னல் நடந்து போய்விடும். பெட்டியின் உள்சுவரில் தெர்மக்கோல் ஒட்டுங்கள். காந்தத்தோடு ஒரு தெர்மிஸ்டரை ஒட்டி வெப்பத்தைப் பதிவு செய்யுங்கள். அதிர்வெண்ணுக்கும் வெப்பத்துக்கும் வரைபடம் போட்டால், கருவியின் குறையே ஒரு நாள் பரிசோதனை ஆகிவிடும்.

ஒரே ஒரு கிரேடியன்ட்

காந்தப் புலம் போகும் திசையிலேயே கிரேடியன்டை வைப்பதுதான் கட்டுவதற்கு எளிது: இரண்டு வட்டச் சுருள், எதிரெதிர் மின்னோட்டம், மேக்ஸ்வெல் ஜோடி. ஆரத்தைப் போல் 1.73 மடங்கு இடைவெளி விட்டால் நடுவில் சரிவு நேர்கோடாக இருக்கும். மையத்திலிருந்து இருபுறமும் 15 மி.மீ. தள்ளி, 17.3 மி.மீ. ஆரத்தில், ஒவ்வொன்றும் 10 சுற்று. ஒரு ஆம்பியருக்கு மீட்டருக்கு 27 மில்லிடெஸ்லா கிடைக்கும். இரண்டு ஆம்பியர் விட்டால் 54. அப்போது 10 மி.மீ. குழாயின் இரு விளிம்புக்கும் 23 கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம். சூடு அரை வாட்டுக்குச் சற்று மேல்தான், ஆனாலும் அளக்கும் நேரத்தில் மட்டும் ஓட விடுங்கள். பவர் சப்ளையை வோல்ட்டேஜில் விடாமல் நிலை மின்னோட்டத்தில் வையுங்கள். அது தரும் இரைச்சல் பெட்டிக்குள் வராமல் இருக்க, நுழையுமிடத்தில் ஒரு வடிகட்டியும் வேண்டும்.

எண்ணெயை எடுத்துவிட்டு மயில்துத்தக் கரைசலுக்கு வாருங்கள். 100 மி.லி. தண்ணீரில் கால் கிராம். டி1 நொடியில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். நச்சுப் பொருள் என்பதால் கையுறை போடுங்கள், தொட்டியில் ஊற்றாதீர்கள். இதை இரண்டு நுண்குழாய்களில் நிரப்பி, முனைகளை மெழுகால் அடைத்து, சோதனைக்குழாய்க்குள் ஒன்றிலிருந்து ஒன்று 4 மி.மீ. தள்ளி நிறுத்துங்கள். லாட்டர்பர் சுற்றிலும் கனநீர் ஊற்றினார். நமக்குக் காற்றே போதும். கரைசல் 10 மி.மீ. உயரத்துக்குள் இருக்கட்டும்; குழாயின் நீளவாக்கில் எல்லாம் ஒரே நிழலாகக் கலந்துவிடும் என்பதால், மேலிருந்து கீழ்வரை மாறாத உருவமாக இருப்பது முக்கியம்.

கிரேடியன்ட் ஓடும்போதே அதே ஸ்பின் எக்கோ. எக்கோவை நடுவில் வைத்து, நொடிக்கு 50,000 வீதம் 128 மாதிரிகள் எடுங்கள். அதை ஃபூரியே மாற்றம் செய்தால், அதாவது அதிர்வெண் வாரியாகப் பிரித்தால், திரையில் இரண்டு மேடு தெரியும். அதுதான் ஒரு பக்கத்து நிழல். அதிர்வெண்ணே இடமாக மாறிய கணம் இது. வகுப்பில் இங்கே அவசரப்படாதீர்கள். குழாயை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். இரண்டு மேடும் நெருங்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மறுபடி பிரிவதை மாணவர்கள் தாங்களே திருப்பிப் பார்க்கட்டும். பல்ஸ் வரிசைப் படங்களை வைத்து நான் ஒரு பருவம் முழுக்க விளக்கியதைவிட அந்த ஒரு திருப்பலில் அதிகம் விளங்கியது.

குழாயின் மூடியில் காகிதக் கோணமானி ஒன்றை ஒட்டுங்கள். 10 டிகிரிக்கு ஒன்றாக 18 நிழல்கள், ஒவ்வொன்றுக்கும் 16 சராசரி. திருப்பும் நேரத்தோடு சேர்த்துப் பத்து நிமிடத்துக்குள் முடியும். ஒவ்வொரு நிழலுக்கும் முன்னால் கிரேடியன்டை அணைத்து ஒரு எக்கோ எடுத்து, மைய அதிர்வெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வெப்பத்தால் நகர்ந்ததை அதைக் கொண்டு கழிக்கலாம். கழிக்காவிட்டால் 18 நிழலும் 18 இடத்தில் நிற்கும், இரண்டு புள்ளிக்குப் பதில் இரண்டு கம்பளிப்பூச்சி தெரியும். நிழல்களை அடுக்கி, ஸ்கிகிட்-இமேஜ் என்ற பைத்தான் நூலகத்தில் உள்ள ஐராடான் என்ற கட்டளைக்குக் கொடுத்தால் படம்.

நான்கு நிழல்கள் மட்டும் கொடுத்தும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். நட்சத்திரம் போலக் கோடு கோடாக ஒரு படம் வரும், நடுவில் இரண்டு புள்ளியும் அடையாளம் தெரியும்.

அடுத்த பருவத்துக்கு

குழாயைத் திருப்பாமல் படம் எடுக்க மற்ற இரு திசைக் கிரேடியன்ட் வேண்டும். அதே இரண்டு தட்டுகளில், ஒவ்வொன்றிலும் டி வடிவில் இரண்டு சுருளை முதுகோடு முதுகாக, எதிர் மின்னோட்டத்தில் வைத்தால் ஒரு திசை; அதையே 90 டிகிரி திருப்பினால் மற்றது. பிசிபியாக வரைந்து அடித்தால் கையால் சுற்றுவதைவிடச் சீராக வரும். இவற்றைப் பல்ஸ் செய்ய வேண்டும். ஓபிஏ548 போன்ற பவர் ஆப்-ஆம்ப் மூன்றைக் கொண்டு மின்னோட்ட இயக்கி கட்டலாம், அல்லது ஜிபிஏ-எஃப்எச்டிஓ என்ற திறந்த வடிவமைப்பை எடுத்துக்கொள்ளலாம். பல்ஸ் வரிசைகளை பல்ஸ்ஸெக் என்ற பொதுக் கோப்பு வடிவத்தில் எழுதினால் அதே கோப்பு பெரிய ஸ்கேனர்களிலும் ஓடும்.

அதுவரை ஒற்றைக் கிரேடியன்டிலேயே செய்ய நிறைய இருக்கிறது. நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், தேன் மூன்றுக்கும் எக்கோ நேரத்தை நீட்டி டி2, அதாவது எக்கோ தேய்ந்து மறையும் நேரத்தை, அளக்கலாம். மயில்துத்தத்தின் அளவை இரட்டிப்பாக்கி டி1 எப்படி இறங்குகிறது என்று பார்க்கலாம். மருத்துவமனையில் காடோலினியம் ஊசி போடுவது எதற்கு என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது. இவற்றையெல்லாம் முடித்த பிறகு, குழாய்க்குள் நுழையும் அளவுக்குப் பிஞ்சான ஒரு வெண்டைக்காயை எடுத்து, நடுவில் 8 மி.மீ. துண்டு வெட்டி, காய்ந்துவிடாமல் டெஃப்ளான் டேப் சுற்றி, 36 கோணத்தில் எடுங்கள். சதையில் தண்ணீர், அறைகளில் காற்று. கோணமானியை 5 டிகிரிக்குத் திருத்தி ஒட்ட மறக்க வேண்டாம், அப்புறம் டி1 கொஞ்சம் நீளம் என்பதால் ஒவ்வொரு எக்கோவுக்கும் நடுவில் இரண்டு மூன்று நொடியாவது காத்திருங்கள். மின்விசிறி அணைந்தே இருக்கட்டும்.